டிஎன்எஸ்செக் சாவிகள்: மாற்றுவது எப்போது, காத்திருப்பது எவ்வளவு

உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்று போன் ஒருவரிடம் கேட்கிறது. கேட்டுச் சொல்லும் கணினிக்கு ரிசால்வர் என்று பெயர். உங்கள் இணையச் சேவை நிறுவனமே ஒன்று வைத்திருக்கும். கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்றவர்கள் நடத்தும் பொது ரிசால்வர்களும் உண்டு. ரிசால்வர் நாலு இடத்தில் விசாரித்து ஒரு பதிலைக் கொண்டுவரும், கொஞ்ச நேரம் அதைத் தன் நினைவிலும் வைத்துக்கொள்ளும். அந்த நினைவைத்தான் கேச் என்கிறோம்.

டிஎன்எஸ் என்ற இந்த ஏற்பாடு உருவான காலத்தில், வந்த பதில் உண்மைதானா என்று யாரும் சோதிக்கவில்லை. கேள்விக்கு ஒரு 16 பிட் எண் ஒட்டப்பட்டிருக்கும், பதிலிலும் அதே எண் இருந்தால் சரி. மொத்தமே 65,536 எண்கள். யாராவது பொய்ப் பதில்களை வரிசையாகத் தள்ளி, ஒன்றில் எண் பொருந்திவிட்டால், ரிசால்வர் அதை நம்பிக் கேச்சில் வைத்துவிடும். அப்புறம் அந்த ரிசால்வரைப் பயன்படுத்தும் எல்லோரும் தவறான முகவரிக்குப் போவார்கள். இது எவ்வளவு சுலபம் என்று 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டிய பிறகுதான் பலருக்கும் உறைத்தது. அவசரத்துக்கு ஒரு ஒட்டு போட்டார்கள்: கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் யூகிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே இருப்பது. நிலையான மருந்து டிஎன்எஸ்செக். அதன் விதிமுறைகள் 2005-லேயே வந்துவிட்டன. ஒரு நிர்வாகத்தின் கீழ் உள்ள பெயர்களின் பதிவேட்டுக்கு ஸோன் என்று பெயர். பெயர்களின் உச்சியில் இருக்கும் ரூட் ஸோன் கையெழுத்தோடு வரத் தொடங்கியது 2010 ஜூலை 15 அன்று.

டிஎன்எஸ்செக் எதையும் மறைப்பதில்லை. நீங்கள் எந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அது செய்வது ஒரே வேலை: பதிலோடு ஒரு டிஜிட்டல் கையெழுத்தையும் சேர்த்து அனுப்புவது. கையெழுத்துப் போட ஒரு ரகசியச் சாவி, அதைச் சரிபார்க்க ஒரு பொதுச் சாவி. ரகசியச் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும். பொதுச் சாவியை டிஎன்எஸ்கீ என்ற பதிவாக எல்லோருக்கும் தெரியும்படி உங்கள் ஸோனிலேயே போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் உரிய கையெழுத்து ஆர்ஆர்சிக் என்ற பதிவாக வரும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பொய்ப் பதில் அனுப்புபவன் பொய்யான பொதுச் சாவியையும் சேர்த்தே அனுப்பலாமே?

இரண்டு சாவி எதற்கு

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேன் கொண்டுவந்து ஊற்றுபவர்களுக்குத் தினமும் ரசீதில் கையெழுத்துப் போடுவது செயலாளர். இது செயலாளரின் கையெழுத்துதான் என்று மாதிரிக் கையெழுத்துத் தாளில் அத்தாட்சி கொடுப்பது தலைவர். தலைவரின் மாதிரிக் கையெழுத்து நாகர்கோவிலில் மாவட்ட அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ரசீதில் சந்தேகம் வந்தால் செயலாளரிடமிருந்து தலைவருக்கு, தலைவரிடமிருந்து நாகர்கோவில் கோப்புக்கு என்று மேலே மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டிஎன்எஸ்செக்கில் செயலாளரின் இடத்தில் இருப்பது இசட்எஸ்கே, அதாவது ஸோனில் உள்ள பதிவுகளுக்கு அன்றாடம் கையெழுத்திடும் சாவி. தலைவரின் இடத்தில் இருப்பது கேஎஸ்கே. அது உங்கள் டிஎன்எஸ்கீ பட்டியலுக்கு மட்டும்தான் கையெழுத்திடும். கேஎஸ்கேயின் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்தச் சாவியிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு குறுகிய அடையாளம், உங்களுக்கு மேலே உள்ள ஸோனில் டிஎஸ் என்ற பதிவாகப் போய் உட்காரும். நாகர்கோவில் கோப்பில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து அதுதான். உங்கள் பெயர் டாட் இன்னில் முடிந்தால், டிஎஸ் பதிவு டாட் இன் ஸோனில் இருக்கும். அந்த ஸோனின் பொறுப்பு நிக்ஸி என்ற இந்திய அமைப்பிடம். டாட் இன்னுக்கு உரிய டிஎஸ் ரூட் ஸோனில் இருக்கிறது. ரூட்டுக்கு மேலே யாரும் இல்லை. அதனால் ரூட்டின் பொதுச் சாவியை ரிசால்வர்கள் முன்கூட்டியே தங்களிடம் வைத்திருக்கின்றன.

பொய்ச் சாவி அனுப்புபவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலே உள்ள டிஎஸ்ஸோடு அவன் சாவி பொருந்தாது.

ஒரே சாவியால் இத்தனையும் செய்ய முடியாதா என்றால், முடியும். பலரும் இன்று அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாகப் பிரிப்பதில் உள்ள லாபம் மாற்றும்போது தெரியும். இசட்எஸ்கேயை மாற்ற மேலே யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஸோனுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். கேஎஸ்கேயை மாற்றினால் டிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும். உங்களுக்குப் பெயரை விற்ற ரெஜிஸ்ட்ரார் வழியாக, மேல் ஸோனை நடத்தும் பதிவகம் வரை அந்தத் தகவல் போக வேண்டும். அதோடு கேஎஸ்கே எப்போதாவதுதான் தேவைப்படுகிறது என்பதால் அதை இணையத்தில் இல்லாத கணினியில் பூட்டி வைக்கலாம். அன்றாடச் சாவியை அப்படி வைக்க முடியாது.

காத்திருப்பதுதான் வேலையே

சாவி உருவாக்குவது ஒரு கட்டளை, சில நொடி. டிஎன்எஸ்செக்கில் தளங்கள் காணாமல் போவதற்குக் காரணமாகத் திருடர்களை விட அதிகம் இருப்பது, சாவியை மாற்றுபவர் காத்திருக்காமல் விடுவதுதான்.

ஒவ்வொரு டிஎன்எஸ் பதிவோடும் டிடிஎல் என்ற ஒரு கால அளவு வருகிறது. இந்தப் பதிலை இத்தனை நொடி கேச்சில் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். நீங்கள் இங்கே ஒன்றை மாற்றினாலும், உலகத்தில் எங்கோ ஒரு ரிசால்வர் பழையதை இன்னும் கையில் வைத்திருக்கும். அதுவும் குற்றமில்லை, நீங்கள் கொடுத்த அனுமதிதான்.

சங்கத்துக்குத் திரும்புவோம். செயலாளர் மாறுகிறார். புதியவர் முதல் ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவருடைய மாதிரி எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பழையவர் போட்ட ரசீதுகள் ஊரில் புழங்கும் வரை அவருடைய மாதிரியையும் கிழித்துப் போடக் கூடாது. இசட்எஸ்கே மாற்றுவதும் இந்த வரிசைதான். முதலில் புதிய பொதுச் சாவியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஆனால் அதைக் கொண்டு எதிலும் கையெழுத்திடக் கூடாது. டிஎன்எஸ்கீ பட்டியலின் டிடிஎல் ஒரு மணி நேரம் என்றால், உங்கள் ஸோனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கணினிகளான நேம்சர்வர்கள் எல்லாவற்றுக்கும் புதிய பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அப்புறம் புதிய சாவியால் கையெழுத்திடத் தொடங்கலாம். பழைய சாவி பட்டியலில் இன்னும் இருக்கட்டும். உங்கள் ஸோனிலேயே நீளமான டிடிஎல் ஒரு நாள் என்றால், பழைய கையெழுத்துகள் கேச்சுகளில் ஒரு நாள் வரை உயிரோடு இருக்கும். அது கடந்த பிறகே பழைய சாவியை எடுக்கலாம்.

கேஎஸ்கே மாற்றும்போது காத்திருப்பு உங்கள் கையில் மட்டும் இல்லை. புதிய கேஎஸ்கேயைச் சேர்த்து, பட்டியலில் பழையதும் புதியதுமாக இரண்டு கையெழுத்தும் போட வேண்டும். கேச்சுகளுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகு மேலே டிஎஸ்ஸை மாற்றச் சொல்ல வேண்டும். மாறிவிட்டது என்று ரெஜிஸ்ட்ராரின் பக்கம் காட்டினால் போதாது. மேல் ஸோனின் சர்வர்களிடமே கேட்டுப் பார்த்து, எல்லாவற்றிலும் புதிய டிஎஸ் வந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகு, அந்த டிஎஸ்ஸின் டிடிஎல் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். பழைய கேஎஸ்கேயை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

அந்த டிடிஎல்லைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, மேலே இருப்பவர். இதைக் கணக்கில் எடுக்காமல் பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள். 2023 மே மாதக் கடைசியில் நியூசிலாந்தின் டாட் என்இசட் பெயர்கள் பலவற்றுக்கு ஆன கதி இதுதான்: பழைய டிஎஸ் கேச்சுகளில் காலாவதி ஆவதற்கு முன்பே பழைய சாவி எடுக்கப்பட்டுவிட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனத்துக்கு நடந்ததும் இதற்கு உறவுதான். டிஎன்எஸ்செக்கைப் போட்டார்கள், வேறொரு சிக்கல் வந்தது, பின்வாங்க நினைத்து மேலே டிஎஸ்ஸை எடுத்தார்கள், ஸோனில் கையெழுத்திடுவதையும் நிறுத்தினார்கள். டாட் காமில் டிஎஸ்ஸின் டிடிஎல் ஒரு நாள். அந்த ஒரு நாளும், பழைய டிஎஸ்ஸை வைத்திருந்த ரிசால்வர்கள் கையெழுத்தைத் தேடின, காணவில்லை, கதவைச் சாத்திவிட்டன. போடுவதற்கு உள்ள அதே நிதானம் எடுப்பதற்கும் வேண்டும்.

எனக்க போன்ல தொறக்குது, அவங்களுக்குத் தொறக்கல

சின்னத் தளங்களில் இது எப்படி வரும் என்பதற்கு மார்த்தாண்டத்தில் தேனும் கிராம்பும் விற்கும் ஒரு கடையைச் சொல்கிறேன். கடைக்காரப் பையன் கூப்பிட்டான்.

"அண்ணே, எனக்க போன்ல சைட்டு தொறக்குது. திருவனந்தபுரத்துல உள்ள கஸ்டமருக்குத் தொறக்கலியாம். வேற சிலரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

"நேம்சர்வர் எதுவும் மாத்தினியா மக்கா?"

"போன வாரம் ஹோஸ்டிங்க மாத்தினோம். வெல கொறவுன்னு."

இந்த இரண்டு வாக்கியமே போதுமானது. எல்லா ரிசால்வர்களும் கையெழுத்தைச் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்காத ரிசால்வர் வழியாக வருபவருக்குத் தளம் திறக்கும், சரிபார்ப்பதன் வழியாக வருபவருக்குத் திறக்காது. கூகுளின் ரிசால்வர் 2013 முதலே எல்லோருக்கும் சரிபார்க்கிறது.

அதை நிச்சயப்படுத்த டிக் என்ற கட்டளை போதும். சரிபார்க்கும் ஒரு ரிசால்வரிடம் கடையின் பெயரைக் கேட்டால் சர்வ்ஃபெயில், அதாவது பதில் தர முடியவில்லை, என்று வந்தது. அதே கேள்வியோடு, சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லும் சிடி குறியைச் சேர்த்துக் கேட்டால் முகவரி ஒழுங்காக வந்தது. இப்படி வந்தால் சர்வரில் பழுதில்லை, கையெழுத்துச் சங்கிலிதான் எங்கோ அறுந்திருக்கிறது. மேலே டாட் இன்னில் பார்த்தால் பழைய ஹோஸ்டிங்கின் டிஎஸ் அப்படியே கிடந்தது. புதிய இடத்தில் டிஎன்எஸ்செக்கே போடவில்லை. கோப்பில் பழைய தலைவரின் கையெழுத்து, ரசீதில் கையெழுத்தே இல்லை.

அவனுக்குச் செய்ய வேண்டியது எளிது. ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து டிஎஸ்ஸை நீக்கிவிட்டுக் காத்திருப்பது. தளம் எல்லோருக்கும் திறந்த பிறகு புதிய இடத்தில் டிஎன்எஸ்செக்கைப் போட்டுப் புதிய டிஎஸ்ஸைச் சேர்ப்பது. முறைப்படி செய்திருந்தால் வரிசை இதுதான்: முதலில் டிஎஸ்ஸை நீக்கு, அதன் டிடிஎல் கடக்கும் வரை பொறு, பிறகு நேம்சர்வரை மாற்று. இடையில் சில நாள் கையெழுத்து இருக்காது, ஆனால் தளம் இருக்கும்.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். ரெஜிஸ்ட்ரார் கணக்கு, முதலில் தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் இருந்தது. அவர் இப்போது வளைகுடாவில். நம் மாவட்டத்தில் இது அபூர்வமே இல்லை. சைட் செய்து கொடுத்த பையன்கள் பாதிப்பேர் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். சாவி மேலாண்மை என்று பெரிய பெயரில் பேசுகிறோம். ஒரு சின்னக் கடையைப் பொறுத்தவரை டிஎஸ்ஸை மாற்றும் அதிகாரம் உள்ள அந்த ரெஜிஸ்ட்ரார் கணக்கின் கடவுச்சொல்தான் எல்லாச் சாவியிலும் பெரியது. அது கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலில், இரண்டடுக்குச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கையெழுத்துக்கும் வயது உண்டு

டிஎன்எஸ்செக் சாவிக்குக் காலாவதித் தேதி எதுவும் உள்ளே எழுதப்பட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு கையெழுத்திலும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் இருக்கும். பழைய பதிலைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் கழித்து யாரும் அனுப்பி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே உங்கள் ஸோனில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், கையெழுத்துகளைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனால், குறித்த நேரத்தில் தளமும் நின்றுபோகும். சர்வரின் கடிகாரம் தப்பாக ஓடினாலும் இதே கதி.

இதில் எண்களைப் பார்ப்போம். பரவலாகப் பயன்படும் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளின் இயல்பான கொள்கையில் கையெழுத்தின் ஆயுள் 14 நாள். முடிய 5 நாள் இருக்கும்போது புதியது போடப்படும். அப்படியானால் கையெழுத்திடும் கணினி எந்த நேரத்தில் விழுந்தாலும், வெளியில் உள்ள மற்ற நேம்சர்வர்கள் பழைய கையெழுத்துகளை வைத்துக்கொண்டு குறைந்தது சுமார் 5 நாள் தாக்குப்பிடிக்கும்.

5 நாள் தாராளம் என்று தோன்றலாம். 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் வந்த அன்று குமரி மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரை முழுக்க அழுகையாக இருந்த நேரம். அப்படி ஒரு வாரத்தில் கையெழுத்து காலாவதி ஆகிறதே என்று எவரும் சர்வரைத் தேடிப் போக மாட்டார்கள், போகவும் கூடாது. கையெழுத்திடும் கணினியை நாகர்கோவிலில் சொந்த அலுவலகத்தில் வைத்திருப்பவர், கற்பனை செய்ய முடிகிற மிக நீளமான இருட்டை விட அதிகமாக அந்த இடைவெளியை வைக்க வேண்டும். ஆயுள் 30 நாள், புதுப்பிப்பு 15 நாளுக்கு முன் என்று வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சாவியின் நகலும் மாவட்டத்துக்கு வெளியே ஒரு பத்திரமான இடத்தில், கடவுச்சொல் போட்டுப் பூட்டி இருக்கட்டும்.

நகல் இல்லாமல் சாவி தொலைந்துவிட்டால்? தளம் உடனே விழாது, இருக்கும் கையெழுத்துகளின் ஆயுள் வரை ஓடும். அதற்குள் மேலே டிஎஸ்ஸை நீக்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். சாவி திருட்டுப் போவதுதான் மோசம். அது நடந்தால் திருடனுக்கு உண்மையான கையெழுத்தோடு பொய்ப் பதில் தயாரிக்க முடியும். சந்தேகம் வந்த உடனே மாற்ற வேண்டும், ஆனால் அப்போதும் மேலே சொன்ன வரிசைப்படிதான்.

ரூட்டின் சாவி

உச்சியில் இருக்கும் கேஎஸ்கேயை வைத்திருப்பது, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு. அமெரிக்காவில் இரண்டு இடங்கள்: கலிஃபோர்னியாவில் எல் செகுண்டோ, வர்ஜீனியாவில் கல்பெப்பர். ரகசியச் சாவி எச்எஸ்எம் என்ற ஒரு பெட்டிக்குள் இருக்கும். யாராவது உடைத்துத் திறக்க முயன்றால் அது தன்னிடமுள்ள சாவியை அழித்துவிடும். பெட்டியை இயக்க ஸ்மார்ட் அட்டைகள் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் உலகின் பல நாடுகளிலிருந்து 7 பேர் பொறுப்பாளர்கள். குறைந்தது 3 பேர் வந்தால்தான் வேலை நடக்கும். ஆண்டுக்கு நான்கு முறை கூடி, அடுத்த காலாண்டுக்கு உரிய இசட்எஸ்கேக்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். அந்த இசட்எஸ்கேயைக் கையாள்வது வெரிசைன் நிறுவனம். முழு நிகழ்ச்சியும் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பலமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் ஒரு பெட்டகத்தின் பூட்டு திறக்க மறுத்து, பூட்டைத் துளையிட்டுத் திறந்த பிறகே கையெழுத்திடும் சடங்கு நடந்தது. இரண்டே மாதத்தில் கொரோனா. பயணம் செய்ய முடியாது என்பதால் வந்த ஏப்ரலில் சில ஊழியர்களை மட்டும் வைத்து நடத்தி, ஒரு காலாண்டுக்குப் பதிலாக மொத்தம் ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டார்கள்.

ரூட்டின் கேஎஸ்கேயை மாற்றுவது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் டிஎஸ் வைத்துக்கொள்ள மேலே யாரும் இல்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு ரிசால்வரும் புதிய சாவியைத் தானே கற்றுக்கொள்ள வேண்டும். முதல் மாற்றத்தை 2017 அக்டோபர் 11 என்று வைத்திருந்தார்கள். பல ரிசால்வர்கள் பழைய சாவியை மட்டுமே வைத்திருப்பதாகத் தகவல் வந்ததும், சரியாக ஓராண்டு தள்ளிப்போட்டு 2018 அக்டோபர் 11 அன்று மாற்றினார்கள். இப்படித் தள்ளிப்போட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். நாள் குறித்துவிட்டோமே என்பதற்காக யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

நம் ஊர் அலுவலகத்துக்கு எது போதும்

மாதம் ஒருமுறை சாவி மாற்றுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கடைக்கோ, பள்ளிக்கோ, கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்கோ அது வேண்டாத வேலை. ஒவ்வொரு மாற்றமும் தவறுவதற்கு ஒரு வாய்ப்பு. பைண்ட் இயல்பாகச் செய்வது போல, 13 என்று எண்ணிட்ட ஈசிடிஎஸ்ஏ கையெழுத்து முறையில் ஒரே சாவி, தேதி குறித்த மாற்றம் எதுவும் இல்லாமல், என்பது போதும். கேஎஸ்கே, இசட்எஸ்கே என்ற பிரிப்பெல்லாம் ஆட்களும் நேரமும் உள்ள இடங்களுக்கு. ஆனால் மாற்றிப் பழகாமல் இருக்கக் கூடாது. சும்மா கிடக்கும் ஒரு டொமைனில் முழு மாற்றத்தையும் ஒரு முறை செய்து பாருங்கள், ஒவ்வொரு படியிலும் எவ்வளவு காத்திருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அவசரம் வரும்போது அந்தத் தாள்தான் உதவும்.

டிஎஸ்ஸை மேலே அனுப்பும் வேலையைத் தானாகவே நடத்த சிடிஎஸ் என்ற பதிவு இருக்கிறது. நீங்கள் உங்கள் ஸோனில் அதைப் போட்டால் மேலே இருப்பவர் வந்து எடுத்துக்கொள்வார். எல்லாப் பதிவகங்களும் இதைச் செய்வதில்லை, ஆகவே உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ரிசால்வர் நடத்தும் கல்லூரிகள், அலுவலகங்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று. ரூட்டின் அடுத்த கேஎஸ்கே 2024-இல் உருவாக்கப்பட்டு, 2025 ஜனவரி 11 முதல் ரூட் ஸோனில் வெளியிடப்பட்டது. அதைக் கொண்டு கையெழுத்திடத் தொடங்கும் நாளாகத் திட்டத்தில் குறிக்கப்பட்டிருப்பது 2026 அக்டோபர் 11. பைண்ட், அன்பவுண்ட் போன்ற ரிசால்வர் மென்பொருள்கள் புதிய சாவியை 30 நாள் கவனித்துவிட்டுத் தாமாகவே நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு அந்தப் பட்டியல் உள்ள கோப்பில் எழுதும் அனுமதி அந்த மென்பொருளுக்கு இருக்க வேண்டும். ஆய்வகத்தில் என்றைக்கோ நிறுவி, வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்த கணினிகளில் இது நடக்காது. கோப்பைத் திறந்து பாருங்கள்: 20326 என்பது இப்போதுள்ள சாவியின் எண், 38696 என்பது புதியதின் எண். இரண்டாவது எண் இல்லையென்றால் மென்பொருளை இன்றே புதுப்பித்துவிடுங்கள்.